சினை பிடிக்காத மாடுகள்

அத்தியாயம் 8

சகாயமேரியிடம் எப்படிச் சொல்வது என்று சத்யப்ரியாவுக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டியை மெதுவாகத்தான் ஓட்டினாள். சீக்கிரம் போனால் சீக்கிரம் சொல்ல வேண்டி வரும்.

“மேடம், நம்மள ஒரு மாட்டு வண்டி ஓவர்டேக் பண்ணிடுச்சு” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த குப்புசாமி.

குப்புசாமி முப்பது வருடம் கோர்ட் அமீனாவாக ஊர் ஊராகச் சம்மன் கொடுத்து ஓய்வு பெற்றவர். பாண்டிச்சேரியில் சத்யப்ரியா நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து நாலு வருடமாகிறது. வயதில் அவளைவிட இருபத்தைந்து வருடம் மூத்தவர், வாயில் அவளைவிட நாற்பது வருடம் இளையவர். இந்த வழக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சகாயமேரி அவருடைய ஊர்க்காரி.

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்பவள் சகாயமேரி. அவள் மகள் மேரிசெல்விக்குப் பதினோரு வயது. ரத்தத்தில் வரும் ஒரு பொல்லாத நோய் அந்தப் பெண்ணுக்கு, எந்த மருந்துக்கும் மசியவில்லை. பிப்ரவரியில் அவளுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்துப் பதினாலு சின்னக் குப்பிகளில் உறைய வைத்தார்கள். கீழ்புத்துப்பட்டில் டாக்டர் ஐயப்பன் நடத்தும் ஆய்வகத்தில், பால் கேன் அளவுள்ள ஒரு நைட்ரஜன் கேனுக்குள் அவை இருந்தன. திரவ நைட்ரஜனின் குளிரில் கிடக்கும்வரை அந்தச் செல்கள் சாகாது. வெளியே எடுத்து இளக்கினால் விட்ட இடத்திலிருந்து மறுபடி வாழத் தொடங்கும். ஜெர்மனிக்கு அனுப்பினால், அங்கே ஒவ்வொரு மருந்தாக அவற்றின் மேல் விட்டுப் பார்த்து, எது வேலை செய்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு.

மே ஒன்பதாம் தேதி அந்தக் கேன் திருட்டுப் போனது.

மறுபடி செல் எடுக்கலாமென்றால், நடுவில் கொடுத்த கடுமையான மருந்தில் மேரிசெல்வியின் மஜ்ஜை வற்றிவிட்டது. ஊசி விட்டால் ஒன்றும் வருவதில்லை. அந்தப் பதினாலு குப்பிதான் முதலும் கடைசியும்.

இன்று ஜூன் பதினாறு. நைட்ரஜன் ஊற்றாமல் விட்டால் கேன் இருபது நாளில் காய்ந்துவிடும். பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் நைட்ரஜன் விற்கிற எல்லா இடத்திலும் விசாரித்தாகிவிட்டது. புதிதாக ஒருவரும் வாங்கவில்லை. அதன் அர்த்தம் ஒன்றுதான். அதைத்தான் சொல்லப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“தங்கச்சி வீடு இதோ இருக்குது, மேடம். ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் போவோம். கெட்ட சேதிய தாகத்தோட சொன்னா இன்னும் கெட்டதாயிடும்.”

குப்புசாமியின் தங்கை கொளஞ்சியம்மாள் மோரைக் கொடுத்துவிட்டு, கொட்டகையில் கட்டியிருந்த மாட்டைத் திட்ட ஆரம்பித்தாள்.

“ரெண்டு தடவ ஊசி போட்டாச்சு. சினை நிக்கலண்ணா. மறுபடியும் கத்திக்கிட்டு நிக்குது, பாரு.”

“நம்ம குடும்ப ராசி அப்படி. எனக்கே கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சுத்தான்.”

“சும்மா இருண்ணா. நம்ம மாடு மட்டுமா? பொன்னம்மா வீட்டு மாடு, கண்ணாயிரம் வீட்டுல ரெண்டு, இந்தத் தெருவுல மட்டும் ஒம்போது. ஒண்ணுக்குக்கூட நிக்கல. மாட்டாஸ்பத்திரி முருகையன் ஊசி போட்டா தப்பாதுன்னு பேரு. பதினஞ்சு வருஷமா போடுறாரு. அவரு கைக்கு என்னா கேடு வந்துச்சோ.”

சத்யப்ரியா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எப்ப இருந்தும்மா இப்படி?”

“போன மாசம் பாதியில இருந்து.”

“அண்ணே, ஒன்பது மாடு ஒரே சமயத்துல கெட்டுப் போகுமா?”

“யூனியன் வச்சிருந்தா போகும்.”

“மாடு கெடல. ஊசி கெட்டிருக்கு. காளையோட விந்தைக் குச்சி குச்சியா உறைய வெச்சு ஒரு கேன்ல கொண்டு வருவாரே முருகையன், மூடியைத் தொறந்தா புகை வருமே. அது என்ன கேன்?”

குப்புசாமி வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து கிண்டல் வரவில்லை.

“நைட்ரஜன் கேன்” என்றார்.

இத்தனை நாளும் ஆஸ்பத்திரிகளையும் கம்பெனிகளையும் சுற்றி வந்தோமே என்று சத்யப்ரியாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்தக் கடற்கரையில் வாராவாரம் நைட்ரஜன் வந்து இறங்கும் இடம் மாட்டாஸ்பத்திரி. யாரும் கணக்கில் எடுக்காத இடம்.

கொளஞ்சியம்மாளிடம் விசாரித்து, நைட்ரஜன் வண்டி ஓட்டும் சவரிமுத்துவின் செல் நம்பரை வாங்கினாள். கீழ்புத்துப்பட்டு ஆய்வகத்துக்கும் அதே வண்டிதான் போகிறது.

“முருகையனுக்கு நைட்ரஜன் குறைச்சுக் குடுக்கறீங்களாண்ணே?”

“யாரும்மா குறைச்சது?” சவரிமுத்துவின் குரலில் ரோஷம். “அவருதான் ஒரு மாசமா கூட வேணும், கூட வேணும்னு கெஞ்சறாரு. நானும் பாவம்னு ஊத்திட்டுப் போறேன்.”

போனை வைத்ததும் சத்யப்ரியா எழுந்துவிட்டாள். “கூட வாங்கறாரு. ஆனா அவரோட காளைக் குச்சிக்குப் பத்தாம அது செத்துப் போகுது. அப்ப மிச்சத்தை எங்க ஊத்தறாரு?”

குப்புசாமி அவளுக்கு முன்னால் போய் ஸ்கூட்டியில் உட்கார்ந்துவிட்டார். “இப்ப மாட்டு வண்டிய நாம ஓவர்டேக் பண்ணலாம், மேடம்.”

*

முருகையனின் வீடு மேற்கே நாலு கிலோமீட்டரில், வயல் ஓரமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரர், மெலிந்த உடம்பு. வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டார்.

“பால் சொசைட்டில இருந்து வர்றீங்களா? மாடுங்க விஷயமா?”

“மேரிசெல்வி விஷயமா” என்றாள் சத்யப்ரியா.

ஓடுவார் என்று நினைத்துக் குப்புசாமி வழியை மறித்து நின்றார். முருகையன் ஓடவில்லை. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். பெரிய சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

“வந்துட்டீங்களா” என்றார். “எப்படா யாராவது வருவாங்கன்னு இருந்தேன்.”

“முப்பது வருஷத்துல, சம்மன் வந்ததுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளு நீதான்யா” என்றார் குப்புசாமி.

வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கொட்டகையின் நிழலான மூலையில் அந்தக் கேன் இருந்தது. நாலு பக்கமும் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. கோழி ஏறாமல் இருக்க மேலே ஒரு கூடை. முருகையன் கூடையை எடுத்து, மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை வழிந்து தரையில் படர்ந்தது.

முப்பத்தெட்டு நாள் கழித்து, புகை வருகிறது.

“யாரு குடுத்தது?”

“டாக்டர் ஐயப்பன் சார்தாங்க. அவரு வளர்க்கற ரெண்டு மாட்டுக்கு ஊசி போடப் போவேன். அந்தத் திங்கக்கெழம போனப்ப, பழைய கேனு, உள்ள இருக்கறது வேணாம், அப்படியே கழுவெளி ஏரித் தண்ணியில தள்ளிட்டு வந்துடுன்னாரு. வண்டியில கட்டிட்டேன். கழுவெளிக் கரையில நின்னு, உள்ள என்னாதான் இருக்குதுன்னு தூக்கிப் பார்த்தேன்.”

“அப்புறம்?”

“பேரு எழுதி இருந்துச்சுங்க. காளைக் குச்சியில நம்பருதான் இருக்கும். இதுல மேரிசெல்வின்னு இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு முடியாம இருக்கறது ஊருக்கே தெரியும். பேரு போட்டு இருக்கறத எப்படிங்க தண்ணியில தள்றது?”

“நேரா சகாயமேரி வீட்டுக்குப் போயிருக்கலாமே, ஏம்பா?” என்றார் குப்புசாமி.

“மறுநாளே, திருடு போச்சுன்னு போலீஸ் வந்துடுச்சு. சார் என்னைக் கூப்ட்டு, வாயத் தொறந்தா திருடன் நீதான்னு சொல்லுவேன்னாரு. நான் டெம்பரவரி ஆளு. ரெண்டு தடவ அந்தம்மா வீட்டு வேலி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். எப்படியும் யாராவது தேடிக்கிட்டு வருவாங்க, அதுவரைக்கும் காயாம பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

“தினம் ஊத்துவீங்களா?”

“பயந்துக்கிட்டு தினம் ஊத்துவேன். பாதி காத்துல போயிடும். அதனாலதான் என் கேன்ல மட்டம் எறங்கி, குச்சியெல்லாம் வீணாப் போச்சு. மாட்டுக்காரங்க என்னைத் திட்டறாங்க. திட்டட்டும். மாடு அடுத்த மாசமும் பருவத்துக்கு வரும்.”

ஒரு மூங்கில் குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். குச்சியில் முக்கால் உயரத்துக்கு வெண்பனி படிந்திருந்தது. “ஒரு நாள்கூட இதுக்குக் கீழ எறங்க விட்டதில்லைங்க.”

சத்யப்ரியா வெளியே வந்து ஆய்வகத்தில் வேலை செய்யும் நிவேதாவுக்குப் போன் செய்தாள். அந்தக் குப்பிகளைத் தன் கையால் உறைய வைத்த பெண் அவள். திருட்டு நடந்தபோது அக்கா கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவில் இருந்தாள். சேதியைக் கேட்டதும் போனிலேயே அழுதுவிட்டாள். “வர்றேன் மேடம், உடனே வர்றேன்.”

“ஆனா ஒண்ணு புரியல” என்றார் குப்புசாமி, கேனைச் சுற்றி நடந்தபடி. “வெளியில வித்தாருன்னா புரியுது. தண்ணியில தள்ளச் சொல்றாரு. சொந்த வீட்டு ரேஷன் கார்டை எவனாவது கிழிச்சுப் போட்டுட்டு, காணோம்னு கம்ப்ளெய்ன்ட் குடுப்பானா?”

சத்யப்ரியாவுக்கும் அதுதான் உறுத்தியது. ஆனால் அன்றைக்கு அவள் அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள். செல்கள் கிடைத்துவிட்டன. புகை வருகிறது. முதலில் அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

*

நிவேதா ஒரு மணி நேரத்தில் வந்தாள். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, நீண்ட இடுக்கியால் ஒரு குப்பியை மேலே தூக்கினாள். வெளிச்சத்தில் ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே உள்ளே விட்டாள். இரண்டாவதைத் தூக்கினாள். மூன்றாவது. ஐந்தாவது குப்பியோடு நிறுத்திக்கொண்டாள்.

“நல்லா இருக்குதாம்மா?” முருகையன் மூடியைக் கையில் பிடித்தபடி குனிந்து கேட்டார்.

“கொஞ்சம் வெளிய வாங்க மேடம்” என்றாள் நிவேதா.

வேப்ப மரத்தடியில் வந்து நின்றதும் அவள் முகம் வேறாக இருந்தது.

“அது என்னோட குப்பிதான். என் கையெழுத்துதான். ஆனா எங்க ஃப்ரீசர்ல தட்டு உயரம் பத்தாது மேடம். டப்பாவைச் சாய்ச்சு வெச்சுத்தான் உறைய வைப்பேன். அதனால நான் போட்ட எல்லாக் குப்பியிலயும் ஐஸ் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கி, சாய்வா இருக்கும்.”

“இதுல?”

“சமமா இருக்குது. டம்ளர்ல தண்ணி நிக்கற மாதிரி.”

சத்யப்ரியாவுக்குப் புரிந்தது. சாய்வாக உறைந்தது சமமாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு தடவை தண்ணீராகியிருக்க வேண்டும். நேராக நின்ற நிலையில் உருகி, அப்படியே மறுபடி உறைந்திருக்கிறது. எப்போது?

முருகையன் வீட்டில் இருந்தபோது அல்ல. அந்த மூங்கில் குச்சியை அவள் நம்பினாள். அப்படியானால் அதற்கு முன்னால். சவரிமுத்துவை மறுபடி அழைத்தாள்.

“அண்ணே, கீழ்புத்துப்பட்டு லேபுக்கு மே மாசம் என்னைக்குப் போனீங்க?”

“ஏழாந்தேதி, சனிக்கெழம. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ போக முடியல. வண்டி ரிப்பேர். இருபது நாளுக்கு மேல ஆயிடுச்சு. டாக்டரே வந்து ஒரு சின்னக் கேனை நிரப்பச் சொன்னாரு.”

“ஊத்தும்போது எப்படி இருந்துச்சு?”

“அத ஏன் கேக்கறீங்க, சுட்ட சட்டியில தண்ணி விட்ட மாதிரி சீறி அடிச்சுது. கால்ல தெறிச்சுடுச்சு. என்னா சார், கேனை அடுப்புல வெச்சிருந்தீங்களான்னு கேட்டேன். அவரு சிரிக்கல.”

குளிர்ந்திருக்கும் கேன் நைட்ரஜனைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். சீறினால், அது அறைச் சூட்டில் கிடந்திருக்கிறது. முழுக்கக் காய்ந்து கிடந்திருக்கிறது.

குப்புசாமி அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “அப்ப திருடு போனப்பவே…”

“திருடு போறதுக்கு முன்னாடியே.”

“சில சமயம் ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும்” என்றாள் நிவேதா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. “லேபுக்குக் கொண்டு போய்ப் பார்த்துடலாம்.”

முருகையன் கேனை ஸ்கூட்டியில் கயிறு போட்டுக் கட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “பள்ளத்துல மெதுவா போங்க, மேடம். புள்ள பொழைச்சுக்கும் இல்ல?”

“பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள் சத்யப்ரியா.

*

நிவேதா ஒரு குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கினாள். ஒரு சொட்டு எடுத்து அதில் நீலச் சாயத்தைக் கலந்தாள்.

“உயிரோட இருக்கற செல் சாயத்தை உள்ள விடாது, மேடம். வெளுப்பா நிக்கும். செத்தது தடுக்காது. நீலமாயிடும்.”

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒதுங்கி நின்றாள். சத்யப்ரியா குனிந்து பார்த்தாள். மழைக்காலத்து வானத்தில் தெரியும் நட்சத்திரங்களைத் தேடுகிற மாதிரி ஒரு வெளுத்த புள்ளியைத் தேடினாள். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். எங்கும் நீலம்.

மூன்று குப்பி பார்த்தார்கள். மூன்றும் அப்படியே.

கதவருகே காலடிச் சத்தம். டாக்டர் ஐயப்பன் நின்றிருந்தார். மேசைமேல் இருந்த கேனைப் பார்த்ததும் அவர் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

“உள்ள வாங்க டாக்டர்” என்றாள் சத்யப்ரியா. “இவங்க லீவுல போகும்போது கேனைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க?”

“நான் கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தேன். வண்டி வந்திருக்கும்னு நெனச்சேன்.” அவர் கேனையே பார்த்தபடி சொன்னார். “திரும்பி வந்து தொறந்தா, காஞ்சு கிடந்துச்சு. நிரப்பி வெச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். ஆனா திங்கக்கெழம ஜெர்மனில இருந்து லெட்டர் வந்துச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு குப்பிய இளக்கிப் பார்த்து, எத்தனை செல் உயிரோட இருக்குதுன்னு எழுதி அனுப்புங்கன்னு.”

“அதனால திருட்டு.”

“திருடு போச்சுன்னா அந்தம்மா யாரோ முகம் தெரியாதவனைத் திட்டும். காஞ்சு போச்சுன்னா என்னைத் திட்டும். எனக்கு வேற வழி தெரியலம்மா.”

சத்யப்ரியா ஓரமாகத் தள்ளி வைத்த கேள்விக்கு இதுதான் பதில். இவ்வளவு சின்ன பதிலா என்றிருந்தது அவளுக்கு. எதிரி கிடையாது, சதி கிடையாது. ஒரு மனிதன் மூடியைத் தூக்கிப் பார்க்க மறந்திருக்கிறான்.

“போலீஸுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கறேன்” என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். குப்புசாமி ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

சாயங்காலம் உப்பளத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கண்ணைக் கூசச் செய்தது. சகாயமேரி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு, அவர்கள் வரப்பில் நடந்து வருவதையே பார்த்தபடி நின்றாள்.

சத்யப்ரியா எதையும் மறைக்கவில்லை. கேன் கிடைத்ததைச் சொன்னாள். எங்கே கிடைத்தது, யார் காப்பாற்றி வைத்திருந்தார், அதற்கு முன்னால் என்ன நடந்திருந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சகாயமேரி அழவில்லை. பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். உப்பு வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேற எங்கயும் கொஞ்சம்கூட இல்லையா, மேடம்?”

“இல்லம்மா.”

“முருகையன் தினம் ஊத்தினாரா?”

“முப்பத்தெட்டு நாள். ஒரு நாள் விடல.”

“அது ஏற்கெனவே செத்துப் போச்சுன்னு அவருக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

அப்போது சாலைப் பக்கம் மொபெட் சத்தம் கேட்டது. முருகையன்தான். வண்டியில் ஒரு சின்னக் கேனைக் கட்டியிருந்தார். வரப்பில் வேகமாக வந்தவர், சகாயமேரியைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

“வழியில கொறைஞ்சிருக்குமோன்னு கொஞ்சம் கொண்டாந்தேன், மேடம். லேபுல ஊத்திடவா?” பிறகு சகாயமேரியிடம் திரும்பினார். “மன்னிச்சுக்கம்மா. பயந்துக்கிட்டு வரல.”

சத்யப்ரியா வாயெடுத்தாள். அதற்குள் சகாயமேரி எழுந்துவிட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா பார்த்துக்கிட்டீங்களாம். மேடம் இப்பத்தான் சொன்னாங்க.”

“அனுப்பிடுவாங்களாம்மா?”

“அனுப்பிடுவாங்க. ஊத்த வேணாம், லேபுல ஊத்திட்டாங்க. நீங்க போயி மாடுங்களைப் பாருங்க.”

முருகையன் இரண்டு கைகளையும் சேர்த்து அவளைக் கும்பிட்டார். அப்படியே திரும்பிப் போனார். மொபெட் சத்தம் சாலையில் கரைகிற வரைக்கும் மூன்று பேரும் அசையவில்லை.

“கேஸுன்னு வந்தா அவருக்கு ஒரு நாள் தெரியத்தான் போவுது” என்றாள் சகாயமேரி. “இன்னைக்கு ஒரு நாளு நிம்மதியா தூங்கட்டும்.”

குப்புசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “வீட்டுக்குக் கூட வரட்டுமா, சகாயமேரி? பாப்பாகிட்ட வேணும்னா நான் ஏதாவது…”

“வேணாம்ணா. உங்களால முடியாது.” அவள் குனிந்து பலகையை எடுத்துக்கொண்டாள். வாராத பாத்தி இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. “அதுகிட்ட பொய் சொல்ல முடியாது. நான் வாசப்படி ஏறி வர்ற சத்தத்துலயே கண்டுபுடிச்சிடும்.”